இருட்டறையில் முளைப்பாரி ஏன் நெடுநெடுவென வளர்கிறது?



மாசி மாதம் பிறந்தால் எங்கள் காரைக்குடிப் பக்கம் களைகட்டிவிடும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி - பங்குனித் திருவிழா தொடங்கும். பால்குடம், காவடி என்று ஊரே திரண்டு வரும். அந்தக் கூட்டத்தின் நடுவே, பெண்கள் முளைப்பாரிச் சட்டியைத் தலையில் சுமந்து வரிசையாக வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? காரைக்குடியில் மட்டுமல்ல, சிவகங்கை மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றிலும், மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலும் அம்மன் கோயில் திருவிழா என்றால் முளைப்பாரியும் உண்டு.

பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மண்சட்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சலித்த மண்ணையும் காய்ந்த எருவையும் போடுவார்கள். பாசிப்பயறு, தட்டைப்பயறு, மொச்சை, நெல், சோளம், கம்பு என்று பல விதைகளை ஊறவைத்து அதில் தூவுவார்கள். பிறகு வெளிச்சம் புகாத ஓர் அறையில் சட்டிகளை வரிசையாக வைத்து, நாள்தோறும் தண்ணீர் தெளிப்பார்கள். இரவானால் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவார்கள். ஏழெட்டு நாள் கழித்து ஊர்வலமாக எடுத்துப் போய், கடைசியில் ஊருணியிலோ கண்மாயிலோ கரைத்துவிடுவார்கள்.

அடுத்த முறை முளைப்பாரியைப் பார்க்கும்போது கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். முளைகள் ஒரு சாண் உயரத்துக்கும் மேலே நெடுநெடுவென நிற்கும். நிறம் பச்சையாக இருக்காது. வெளிர்மஞ்சளாக, வெண்ணெய் நிறத்தில் இருக்கும். இதே பாசிப்பயறைத் தோட்டத்தில் விதைத்தால், அதே ஏழெட்டு நாளில் நாலைந்து விரற்கடை உயரம்தான் இருக்கும். ஆனால் பச்சைப்பசேல் என்று, தண்டு தடித்து, இலை விரித்து நிற்கும்.

விதை ஒன்றுதான். தண்ணீரும் ஒன்றுதான். தோட்டத்துச் செடிக்கு வெயில் கூடுதலாகவே கிடைக்கிறது. வெயில் கிடைத்த செடி குட்டையாகவும், கிடைக்காத செடி நெட்டையாகவும் இருப்பது வேடிக்கையாக இல்லையா?

இந்த வேடிக்கையால் நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வேதனையும் நடந்தது. அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

சாக்கு விலகியது

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் தெருவுக்கு முளைப்பாரி வளர்த்தது ஒரு பழைய வீட்டின் உள்ளறையில். சிறிய சன்னல் ஒன்று உண்டு. அதற்குச் சாக்குப் படுதா கட்டியிருந்தார்கள். பையன்கள் உள்ளே போகக் கூடாது. போகக் கூடாது என்றால் பார்க்க வேண்டும் என்று தோன்றுமே! மூன்றாம் நாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் வெளியிலிருந்து சாக்கை விலக்கி எட்டிப் பார்த்தேன். இருட்டில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஆள் வரும் சத்தம் கேட்டதும் ஓடிவிட்டேன். சாக்கைப் பழையபடி மாட்டவில்லை. ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி இருந்துவிட்டது.

எட்டாம் நாள் சட்டிகளை வெளியே எடுத்தார்கள். சன்னலுக்கு அருகே இருந்த நான்கு சட்டிகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. முளைகள் குட்டை. நிறம் பச்சை. போதாததற்கு எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, யாரையோ எட்டிப் பார்ப்பதுபோல் நின்றன.

“சாமி குத்தம்” என்றார் ஒருவர். “இதுக்கு யார் தண்ணி ஊத்துனது?” என்றார் இன்னொருவர். அடுத்த வீட்டு அக்காதான் ஊற்றினார். அவருக்குப் பதினைந்து வயது இருக்கும். “சுத்தபத்தமா இருந்தியாடி?” என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டார்கள். அக்கா அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார். அந்த ஆண்டு அவர் முளைப்பாரி தூக்கவில்லை.

சாக்குக்கும் சட்டிக்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தெளிவாகத் தெரியாது. ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. அடிக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது, ஒரு பாடத்துக்காக அவரையை வெயிலில் ஒரு தொட்டியிலும் அலமாரிக்குள் ஒரு தொட்டியிலும் வளர்த்தோம். அலமாரியைத் திறந்து பார்த்த அன்றுதான் எனக்கு விளங்கியது. அக்காவை அழவைத்தவன் நான்தான்!

கட்டுச்சோற்று மூட்டை

ஒரு பயறை ஊறவைத்துப் பிளந்து பாருங்கள். இரண்டு பருப்புகள் இருக்கும். அவைதான் விதையிலைகள். தாய்ச்செடி தன் பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. வேர் விட்டு, மண்ணைத் துளைத்து, வெளிச்சத்தைக் கண்டு, சொந்தமாகச் சமைக்கத் தொடங்கும்வரை அந்தச் சோற்றை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

முளைக்குக் கண் இல்லை. இருட்டாக இருந்தால், ‘நான் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறேன்’ என்பதுபோல நடந்துகொள்கிறது. மண்ணுக்குள் இலையை விரித்து என்ன பயன்? பச்சையம் தயாரித்துத்தான் என்ன பயன்? ஆகவே அந்தச் செலவையெல்லாம் நிறுத்திவிட்டு, இருக்கிற சோற்றை உயரத்துக்கே செலவு செய்கிறது. மண் உரசி நுனி காயப்படாமல் இருக்க, தலையைக் கொக்கிபோல் வளைத்துக்கொண்டு மேலே வருகிறது. பயற்று முளைகளில் இந்தக் கொக்கியை நீங்களே பார்க்கலாம்.

வெளிச்சம் பட்டதும் கணக்கு மாறிவிடும். உயரும் வேகம் குறையும். கொக்கி நிமிரும். இலை விரியும். பச்சை ஏறும். இருட்டில் வளர்ந்த முளைப்பாரியை எடுத்து ஒரு பகல் வெயிலில் வைத்துப் பாருங்கள். மாலைக்குள் இலைகளில் பச்சை தெரியத் தொடங்கும். கடைசிவரை வெளிச்சமே கிடைக்காவிட்டால், கட்டுச்சோறு தீர்ந்ததும் முளை துவண்டு விழுந்துவிடும். இருட்டில் வளர்ந்த நெட்டை முளை கொழுத்த முளை அல்ல. பசியோடு ஓடிக்கொண்டிருக்கிற முளை.

சரி, செடிக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை. ‘வெளிச்சம் வந்துவிட்டது, உயரத்தை நிறுத்து’ என்று யார் யாரிடம் சொல்வது? அந்தச் சேதி சொல்லும் வேலையைத்தான் ஹார்மோன்களும் சில புரதங்களும் செய்கின்றன. ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலீன் என்று ஐந்து பெயர்களை நீங்கள் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள், அல்லது இனிமேல் செய்வீர்கள். நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைத்தவன்தான். ஆனால் பெயரைவிட, அவை கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது.

தொப்பி போட்ட புல்

முளைகள் சன்னலை நோக்கிச் சாய்ந்தன என்றேன் அல்லவா? அதே சாய்வைச் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் ஆராய்ந்து, 1880-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டார்கள். கேனரிப் புல்லின் இளம் முளைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். முளையின் நுனிக்கு வெளிச்சம் புகாத குட்டித் தொப்பி மாட்டினார்கள். முளை வளையவில்லை. நுனியை விட்டுவிட்டு அடிப்பகுதியை மட்டும் மறைத்தார்கள். வளைந்தது! அப்படியானால் வெளிச்சத்தை உணர்வது நுனி. வளைவதோ அதற்குக் கீழே உள்ள பகுதி. நடுவில் ஏதோ ஒரு சேதி போகிறது.

அந்தச் சேதியைப் பிடித்தவர் நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் இருந்த ஃபிரிட்ஸ் வென்ட் என்ற இளைஞர். 1926 வாக்கில் அவர் ஓட்ஸ் முளைகளின் நுனியைக் கிள்ளி, அகர் துண்டின் மேல் கொஞ்ச நேரம் வைத்தார். அகர் என்பது கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல்லி போன்ற பொருள். நம் ராமநாதபுரம் கடற்கரையிலும் இதற்கான பாசி எடுக்கிறார்கள். பிறகு அந்த அகர் துண்டை, நுனி கிள்ளப்பட்ட முளையின் தலையில் ஒரு பக்கமாக வைத்தார். இருட்டிலேயே அந்த முளை வளைந்தது. நுனியிலிருந்து ஒரு பொருள் அகருக்குள் இறங்கியிருக்கிறது! அதுதான் ஆக்சின். ஒரு பக்கம் வெளிச்சம் பட்டால், ஆக்சின் நிழல் பக்கத்துக்கு நகர்கிறது. நிழல் பக்கம் கூடுதலாக நீள, முளை வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறது. எங்கள் நான்கு சட்டிகளும் யாரையும் எட்டிப் பார்க்கவில்லை. நான் விட்டுவந்த இடைவெளியைத்தான் பார்த்தன.

தோட்டக்காரர்கள் முருங்கைக் கன்றின் நுனியைக் கிள்ளிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின்தான் பக்கக் கிளைகளை அடக்கி வைக்கிறது. நுனி போனதும் பக்கக் கிளைகள் துளிர்த்துவிடும். அந்த நேரத்தில் கைகொடுப்பது சைட்டோகைனின். இளநீரிலும் இது இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் கண்ணாடிக் குப்பிக்குள் செடி வளர்ப்பவர்கள் இளநீரைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

கோமாளி நோயும் முட்டுக்கட்டையும்

முளைப்பாரியின் உயரத்துக்குக் காரணமான ஹார்மோன் நெல்வயலில் அகப்பட்டது. ஜப்பான் விவசாயிகளுக்கு ஒரு தொல்லை இருந்தது. நாற்றங்காலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைவிட நெடுநெடுவென வளரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெளிறி, மெலிந்து, பெரும்பாலும் கதிர் விடாமலே செத்துப்போகும். அதை ‘பக்கானே’ என்றார்கள். தமிழில் ‘கோமாளித்தன நோய்’ என்று பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள்.

அது ஒரு பூஞ்சையால் வருகிறது என்பது தெரிந்தது. 1926-ல் தைவானில் பணியாற்றிய குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, பூஞ்சையை வடிகட்டி எடுத்துவிட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் நாற்றுகளுக்குக் கொடுத்தார். அப்போதும் நாற்று நெட்டையாக வளர்ந்தது. பூஞ்சை சுரக்கும் ஏதோ ஒரு பொருள்தான் காரணம் என்று புரிந்தது. 1935-ல் யபுதா என்பவர் அதற்கு ஜிப்ரலின் என்று பெயர் வைத்தார். செடிகளும் தாமாகவே இதைச் சுரக்கின்றன என்பது பிற்பாடு தெரியவந்தது. பூஞ்சை செய்தது, செடியின் சேதியைக் கள்ளத்தனமாக எழுதிப் போட்டதுதான்!

ஜிப்ரலின் எப்படி உயரத்தைக் கூட்டுகிறது? இங்கேதான் புரதங்கள் வருகின்றன. கவனமாகக் கேளுங்கள்.

மேட்டில் நிறுத்திய மாட்டுவண்டி உருண்டுவிடாமல் இருக்க, சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை வைப்பார்கள். செடியின் செல்லுக்குள் ‘டெல்லா’ என்ற புரதங்கள் அப்படிப்பட்ட முட்டுக்கட்டைகள். அவை இருக்கும்வரை வளர்ச்சி என்னும் வண்டி வேகமாகப் போகாது. ஜிப்ரலின் வந்தால் என்ன ஆகும்? அது வண்டியைத் தள்ளுவதில்லை. முட்டுக்கட்டையை எடுத்துவிடுகிறது! ஜிப்ரலினைப் பிடித்துக்கொள்ளும் புரதம் ஒன்று செல்லில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து டெல்லாவைப் பற்றிக்கொள்ளும். உடனே டெல்லாவுக்கு ‘கழிவு’ என்று அடையாளச் சீட்டு ஒட்டப்பட்டு, செல்லின் கழிவு அரைக்கும் இடத்தில் அது துண்டாடப்படும். கட்டை போனது, வண்டி ஓடியது. ஜிப்ரலினைப் பிடித்துக்கொள்ளும் அந்தப் புரதத்தை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2005-ல் நெற்பயிரில்தான் கண்டுபிடித்தார்கள்.

வண்டி என்றால் மாடு வேண்டுமே? அந்த வேலையைச் செய்பவை பி.ஐ.எஃப். எனப்படும் புரதங்கள். ‘நீள வேண்டும்’ என்று சொல்லும் மரபணுக்களை இவை இயக்கிவிடும். டெல்லா செய்வதெல்லாம், இந்தப் பி.ஐ.எஃப்.களைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான். 2008-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைக் காட்டின.

வெளிச்சத்தை அறிவது யார்? பைட்டோகுரோம் என்ற இன்னொரு புரதம். 1959-ல் அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் என்ற இடத்தில் இருந்த விஞ்ஞானிகள் இதை இனம் கண்டார்கள். சிவப்பு ஒளி பட்டால் இது உருமாறி, செல்லின் உட்கருவுக்குள் நுழையும். நுழைந்ததும் பி.ஐ.எஃப்.களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டவைத்து ஒழித்துக்கட்டும்.

இப்போது இருட்டறைக்குள் வாருங்கள். வெளிச்சம் இல்லை, பைட்டோகுரோம் சும்மா இருக்கிறது. ஜிப்ரலின் நிறைய இருக்கிறது, ஆகவே டெல்லா என்னும் கட்டை இல்லை. பி.ஐ.எஃப். மாடுகள் கட்டவிழ்ந்து ஓடுகின்றன. முளை நெடுநெடுவென உயர்கிறது. சாக்கு விலகிய சன்னலோரத்தில்? பைட்டோகுரோம் விழித்துக்கொண்டது. மாடுகள் பெரும்பாலும் போய்விட்டன. ஜிப்ரலினும் குறைந்தது. கட்டைகள் சேர்ந்தன. மிச்சமிருந்த மாடுகளையும் கட்டைகள் பிடித்துக்கொண்டன. முளை குட்டையாக நின்று, பச்சையாகிச் சமைக்கத் தொடங்கிவிட்டது.

புளியமர நிழலில் முளைத்த கன்று சோனியாக நீண்டு நிற்பதும் இதே கதைதான். மரத்தின் இலைகள் சிவப்பு ஒளியைத் தின்றுவிடுவதால், அடியில் உள்ள கன்றின் பைட்டோகுரோம் பாதி தூக்கத்திலேயே இருக்கிறது.

தாத்தா காலத்து ஐ.ஆர். எட்டு

‘இதெல்லாம் செல்லுக்குள் நடக்கிற சமாச்சாரம், நமக்கு என்ன?’ என்று நினைக்காதீர்கள். உங்கள் தட்டில் இருக்கும் சோற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. உங்கள் தாத்தாவிடம் ‘ஐ.ஆர். எட்டு தெரியுமா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

பழைய நெல் ரகங்கள் பல, ஆள் மார்பு உயரத்துக்கும் மேலே வளரும். நிறைய உரம் போட்டால் இன்னும் உயரும். கதிர் முற்றும் நேரத்தில் காற்றடித்தால் மொத்த வயலும் படுத்துவிடும். தண்ணீரில் விழுந்த கதிர் அழுகும், முளைக்கும். அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது படுத்துப்போன வயலைப் பார்த்து வரப்பில் உட்கார்ந்துவிட்ட சம்சாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், இந்தோனேசியாவின் ‘பேட்டா’ என்ற நெட்டை நெல்லையும் தைவானின் ஒரு குட்டை நெல்லையும் கலந்து, 1966-ல் ஐ.ஆர். எட்டை வெளியிட்டது. குட்டைப் பயிர், தடித்த தண்டு. உரம் போட்டாலும் எளிதில் சாயாது. உரமெல்லாம் வைக்கோலாகாமல் மணியானது. அந்தக் குட்டைத்தனத்துக்கு என்ன காரணம் என்பது 2002-ல்தான் தெளிவானது. ஜிப்ரலின் தயாரிப்பதில் பங்கு கொள்ளும் ஒரு நொதியின் மரபணு அதில் பழுதுபட்டிருக்கிறது. ஜிப்ரலின் குறைவு. ஆகவே முட்டுக்கட்டை எளிதில் அகலாது.

கோதுமையில் நடந்தது இன்னும் வேடிக்கை. நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமைகளை இந்தியாவுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். அந்தக் கோதுமையில் ஜிப்ரலினுக்குக் குறைவில்லை. டெல்லா புரதம்தான் மாறியிருக்கிறது. ஜிப்ரலினால் அதை அகற்றவே முடியாது. முட்டுக்கட்டைக்கு ஆணி அடித்துவிட்டதுபோல! இது 1999-ல் தெரியவந்தது. பசியைப் போக்கிய பயிர்கள் வயலுக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான், அவை ஏன் குட்டை என்பதே நமக்குப் புரிந்தது.

விதைக்கு உறக்கம் வேண்டும்

அப்சிசிக் அமிலத்தையும் சொல்லிவிடுகிறேன். இது விதையை உறங்கவைக்கும் ஹார்மோன். உறக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நம் பக்கத்தில் கடலை போடுகிறவர்களைக் கேளுங்கள். கொத்துக் கடலையில் சில ரகங்களுக்கு உறக்கம் கிடையாது. அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால், மண்ணுக்குள்ளேயே கடலை முளைத்துவிடும். பாடுபட்டது வீண். இதே அப்சிசிக் அமிலம் வறட்சிக் காலத்தில் இலைத்துளைகளை மூடித் தண்ணீரைச் சேமிக்கவும் செய்கிறது. வானம் பார்த்த பூமியான சிவகங்கைச் சீமைக்கு இது வேண்டிய ஹார்மோன்தான்.

விளக்குக் கம்பத்தடி மரங்கள்

கடைசியாக எத்திலீன். இது ஒரு வாயு. மின்விளக்கு வருவதற்கு முன், ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குகள் எரிவாயுவில் எரிந்தன. குழாயில் கசிவு ஏற்பட்ட இடங்களில் மரங்கள் இலையை உதிர்த்தன. 1901-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நெல்ஜுபோவ் என்ற மாணவர் இருட்டில் பட்டாணி வளர்த்தார். ஆய்வுக்கூடத்துக்குள் வளர்ந்த முளைகள் குட்டையாக, தடியாக, படுத்தவாக்கில் வளர்ந்தன. வெளிக்காற்றைக் கொடுத்தால் நேராக வளர்ந்தன. விளக்கு வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று அவர் கண்டார்.

பழுக்கும் பழங்கள் தாமே எத்திலீனை வெளிவிடுகின்றன என்பது 1934-ல் உறுதியானது. அரிசிப் பானைக்குள் மாங்காயை வைத்தால் சீக்கிரம் பழுப்பதும், அறையில் புகைபோட்டு வாழைத்தாரைப் பழுக்கவைப்பதும் இதனால்தான். புகையிலும் எத்திலீன் உண்டு. (கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது வேறு. அது தடைசெய்யப்பட்ட முறை. உடம்புக்குக் கெடுதல்.) மண்ணுக்குள் முளைக்குக் கல்லோ கட்டியோ தடையாக வந்தால், முளையே எத்திலீனைச் சுரக்கும். உயருவதை நிறுத்தி, தண்டைத் தடிக்கவைத்து, கொக்கியை இறுக்கிக்கொண்டு முட்டித் தள்ளும்.

நீங்களே செய்து பாருங்கள்

மூன்று கொட்டாங்கச்சிகளில் மண் நிரப்பி, ஊறவைத்த பாசிப்பயறைப் பத்துப் பத்தாகப் போடுங்கள். ஒன்றைச் சன்னலில் வையுங்கள். இரண்டாவதை ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து மூடுங்கள். மூன்றாவதை இன்னொரு பக்கெட்டால் மூடுங்கள். ஆனால் உள்ளே நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றையும் வையுங்கள். தண்ணீர் தெளிப்பதை இரவில், விளக்கைப் போடாமல் செய்ய வேண்டும். ஆறாம் நாள் மூன்றையும் அருகருகே வைத்து, ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். நிறம், தண்டின் பருமன், கொக்கி ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்காவின் கதை பாக்கி இருக்கிறதே! அவர் கல்யாணமாகிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போய்விட்டார். சில ஆண்டுகளுக்கு முன் பங்குனி மாதத்தில் அவரைப் பார்க்கப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். அந்த ஊர் முளைப்பாரிக்கு இப்போது அவர்தான் பொறுப்பு. சாக்கு விஷயத்தை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. “ஏன்டா தம்பி, இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

“பயமா இருந்துச்சுக்கா.”

“எனக்கும்தான் பயமா இருந்துச்சு” என்றவர், சற்றுப் பொறுத்து, “சரி, இங்க வா. இதப் பாரு” என்று முளைப்பாரி அறைக்கு அழைத்துப் போனார். ஆறு நாள் முளைகள். ஒரு சாண் இருக்க வேண்டியவை அதில் பாதி கூட இல்லை. வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள்தான் தண்ணீர் ஊற்றுகிறாள். தெருவில் முணுமுணுப்புத் தொடங்கிவிட்டதாம். அந்தப் பெண் வாசற்படியிலேயே தலைகுனிந்து நின்றாள்.

டார்ச்சை அடித்துப் பார்த்தேன். சன்னல் இறுக்கமாக மூடியிருந்தது. முளைகளில் துளியும் பச்சை இல்லை. ஆகவே வெளிச்சம் காரணமில்லை. தண்டு தடித்திருந்தது. கொக்கி இறுகிச் சுருண்டிருந்தது. சில முளைகள் படுத்திருந்தன. அப்போதுதான் வாசனை மூக்கில் ஏறியது. மூலையில், திருவிழாவுக்கென்று வாங்கிய இரண்டு பூவன் தார்கள் சாக்குப் போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. நன்றாகப் பழுத்திருந்தன.

“தாரைத் தூக்கி முகப்புல வைங்கம்மா. ராத்திரி இருட்டுனதும் கதவை ஒரு மணி நேரம் திறந்து வைங்க” என்று அந்த மருமகளிடம் சொன்னேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். ஆனாலும் செய்தாள். மூன்றாம் நாள் சட்டிகளை எடுத்தபோது முளைகள் நாலு விரற்கடை கூடியிருந்தன. அவளும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது அக்கா இரண்டு சீப்புப் பழத்தை என் பையில் வைத்துக் கட்டினார். “பேரப்புள்ளைகளுக்குக் குடு” என்றார். “ஆனா, உங்க தெருவுலயும் முளைப்பாரி போட்டிருப்பாங்க. அந்தப் பக்கம் கொண்டு போயிராதே!”